கைமாறும் குறிப்பேடு

நுழையும்முன்

பள்ளியில் ஒரு மாணவர் பயிலும் காலம் சில ஆண்டுகளே. மரம் வளர்வதற்கும் ஓடை தெளிவதற்கும் கடலாமை கரைதிரும்புவதற்கும் அதைவிட நெடிய காலம் வேண்டும். இவ்விரண்டு காலக் கணக்குகளையும் இணைக்க முயன்ற மாணவர்கள் உலகின் பல இடங்களில் உள்ளனர். அவர்களுள் இரு குழுவினரின் பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜூனில் நட்டதும் மேயில் பட்டதும்

உலகச் சுற்றுச்சூழல் நாளாகிய ஜூன் 5 தமிழகப் பள்ளிகளுக்கு மிகவும் பழக்கமானது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் பருவம் அது. சிறப்பு விருந்தினர் வருவார். குழி முன்னதாகவே தோண்டப்பட்டிருக்கும். வேம்போ புங்கனோ ஒரு கன்று நடப்படும், உறுதிமொழி வாசிக்கப்படும், ஒளிப்படம் எடுக்கப்படும். வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை அக்கன்றுக்குப் பெரிய கவலை இல்லை. தை, மாசி மாதங்களில் தண்ணீர் ஊற்றும் முறையை வகுப்புகள் பங்கிட்டுக்கொள்ளும். ஆண்டுத் தேர்வு நெருங்க நெருங்க அம்முறை தளரும். பிறகு பள்ளி மூடப்படும். கன்றுக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவைப்படும் அக்கோடை வாரங்களில்தான் பள்ளியில் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இருப்பதில்லை. அடுத்த ஜூனில் அதே குழியில் வேறொரு கன்று நடப்படுவதைப் பல பள்ளிகளில் காணலாம்.

இதனை மாணவரின் அக்கறையின்மை என்று கூறிவிட முடியாது. அக்கறை இருக்கிறது; ஆனால் பள்ளியின் நாள்காட்டியும் இயற்கையின் நாள்காட்டியும் வேறுவேறாக இருக்கின்றன. பள்ளிக்கு ஜூன் தொடக்கம், ஏப்ரல் முடிவு. மரத்துக்கு அவ்வாறான தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பத்தாம் வகுப்பில் நட்ட மாணவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குச் செல்லும்போது, அவர் நட்ட புங்கன் அப்போதுதான் ஆளுயரம் வந்திருக்கும்.

சட்டமும் திட்டமும் இத்துறையில் குறைவாக இல்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2003ஆம் ஆண்டில் அதனைச் செயற்படுத்துமாறு மீண்டும் ஆணையிட்டது. நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001ஆம் ஆண்டில் தேசியப் பசுமைப் படைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி நாடெங்கும் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைந்தன. ஆசிரியர் ஒருவர் பொறுப்பாளராக இருப்பார், மாணவர்கள் உறுப்பினராவர். பேரணியும் ஓவியப் போட்டியும் நடக்கும். இவையெல்லாம் தேவையானவையே. எனினும், மேலிருந்து வரும் சுற்றறிக்கையின்படி நடக்கும் பணிக்கும், மாணவர் தாமே கண்டறிந்த ஒரு சிக்கலைத் தாமே தொடர்ந்து செல்லும் பணிக்கும் வேறுபாடு உண்டு. பின்னதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்கப் பள்ளி ஒன்றின் நான்காம் வகுப்பைக் கூறலாம்.

ஒரு வகுப்பு கேட்ட வினா

கலிபோர்னியா மாநிலத்தின் மரின் மாவட்டத்தில் சான் அன்செல்மோ என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள புரூக்சைடு பள்ளியில் 1992ஆம் ஆண்டு, அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. மழைக்காடுகள் அழிவதையும் விலங்குகள் மறைவதையும் கேட்ட குழந்தைகளுள் ஒருவர், இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்னும் பொருள்பட ஆசிரியரிடம் கேட்டார். ஒன்பது, பத்து வயதுக் குழந்தை கேட்கும் இயல்பான வினாதான். வழக்கமான விடைகளும் இருந்தன. தாளை வீணாக்காதே, விளக்கை அணை என்று கூறிப் பாடத்தை முடித்திருக்கலாம். லாரெட் ரோஜர்ஸ் என்ற அந்த ஆசிரியர் அவ்வாறு முடிக்கவில்லை. அழிந்துவரும் உயிரினம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்காக உண்மையாகவே உழைப்பது என்று வகுப்பு முடிவு செய்தது.

அவர்கள் தேர்ந்தெடுத்தது புலியுமன்று, பாண்டா கரடியுமன்று. தம் ஊருக்கு அருகிலேயே வாழும் நன்னீர் இறால். விரலளவே உள்ள, உடல் ஊடுருவித் தெரியும் சிறிய உயிர் அது. உலகிலேயே கலிபோர்னியாவின் மரின், சொனோமா, நாபா ஆகிய மூன்று மாவட்டங்களின் சில ஓடைகளில் மட்டுமே வாழ்கிறது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. ஓடையின் அடியில் படியும் இலைமக்கை உண்டு நீரைத் தூய்மையாக வைத்திருப்பதில் அதற்குப் பங்குண்டு. மழைக்காலத்தில் வெள்ளம் விரைந்தோடும்போது, கரையோர மரங்களின் நீருக்குள் தொங்கும் நுண்வேர்களைப் பற்றிக்கொண்டு அது உயிர்பிழைக்கிறது. ஆகவே, கரையில் மரம் இல்லையென்றால் நீரில் இறால் இல்லை.

மரங்கள் ஏன் இல்லாமல் போயின என்பதை மாணவர்கள் ஆராய்ந்தார்கள். அப்பகுதி பால்பண்ணைகள் நிறைந்தது. மாடுகள் தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கின. கரையின் தளிர்களைத் தின்றன. குளம்புகளால் கரையை மிதித்துச் சரித்தன. மண் ஓடையை நிரப்பியது. இதற்குத் தீர்வு எளிது. கரையோரம் வேலி அமைத்து மாடுகளைத் தடுக்க வேண்டும். வில்லோ என்னும் நீர்க்கரை மரத்தை நட வேண்டும். முருங்கைப் போத்தையும் கிளுவைப் போத்தையும் நட்டு வேலி வளர்க்கும் நம் ஊர் உழவர்க்கு இது புதிதன்று. வில்லோவின் கிளையை வெட்டி ஈரமண்ணில் ஆழமாக ஊன்றினால் அது வேர்பிடித்துவிடும்.

தீர்வு எளிதாயினும் நிலம் மாணவருடையதன்று. ஓடைகள் பண்ணையாளரின் நிலத்தின் வழியே ஓடின. தம் நிலத்தில் அரிய உயிர் ஒன்று இருப்பதாகத் தெரிந்தால் அரசு வந்து கட்டுப்பாடுகள் விதிக்கும் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. சூழல் ஆர்வலர் என்றாலே ஐயத்துடன் நோக்கும் மனநிலையும் நிலவியது. அவ்வச்சத்தைக் குறைகூறுவதற்கில்லை, பிழைப்பு அந்நிலத்தில்தானே இருக்கிறது! வழக்கறிஞரோ அதிகாரியோ சென்றிருந்தால் வாயில் திறந்திருக்காது. சென்றவர்கள் குழந்தைகள். அவர்கள் கடிதம் எழுதினார்கள். தாங்கள் கற்றவற்றைக் கூட்டங்களில் எடுத்துரைத்தார்கள். பண்ணையாளரைக் குற்றவாளியாக்கிப் பேசவில்லை. பண்ணையாளர் ஒருவர் இசைந்து ஸ்டெம்பிள் ஓடையின் கரையில் இடம் தந்தார். வில்லோப் போத்துகள் அங்கே ஊன்றப்பட்டன.

இங்கு நோக்கத்தக்கது அடுத்து நடந்தது. அவ்வகுப்பு ஐந்தாம் வகுப்புக்குச் சென்றுவிட்டது. பணி அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் அடுத்த வகுப்பு அதனைத் தொடர்ந்தது. பிற பள்ளிகள் வந்து சேர்ந்தன. ஆசிரியரும் மாணவரும் இணைந்து நீர்ப்பிடிப்புப் பகுதியை மீட்கும் தனித் திட்டமாக அது வளர்ந்தது. இன்று ஒரு பறவை ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் அப்பகுதி ஓடைக்கரைகளில் மரம் நட்டுவருகின்றனர். முதலில் நடப்பட்ட இடங்களில் வில்லோக்கள் அடர்ந்து நிழல் தருகின்றன. மரம் வந்தபின் பாடும் பறவைகளும் திரும்பி வந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இறாலுக்காகத் தொடங்கிய பணியில் முதலில் கண்ணுக்குத் தெரிந்த பயன் பறவைகளுக்குக் கிடைத்தது.

அந்த ஓடைக்கரை, வகுப்பறையின் நீட்சியாக அமைந்தது. ஆசிரியர் இருந்தார், பாடவேளை இருந்தது, பேருந்து இருந்தது. இவையொன்றும் இன்றி, பள்ளி, கல்லூரி மாணவர்கள் தாமே கூடி நள்ளிரவில் செய்யும் பணி ஒன்று சென்னைக் கடற்கரையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. காக்கப்படும் உயிர் அங்கே பங்குனி ஆமை.

பங்குனியில் வரும் விருந்து

இந்தியக் கடற்பகுதியில் ஐந்துவகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் அளவில் சிறியது, தமிழகக் கரையில் மிகுதியாக முட்டையிடுவது பங்குனி ஆமை. பங்குனி மாதத்தையொட்டி மிகுதியாகக் கரையேறுவதால் மீனவர் வழங்கிய பெயர் இது. வளர்ந்த ஆமையின் எடை ஏறத்தாழ 40 கிலோகிராம். ஆண் ஆமை கடலிலேயே வாழ்ந்து மறையும். பெண் ஆமை முட்டையிட மட்டுமே கரைக்கு வரும். ஒடிசாவின் கஹிர்மாதா, ருசிகுல்யா கரைகளில் இலட்சக்கணக்கான ஆமைகள் ஒருசேரக் கரையேறுவதுண்டு. சென்னைக் கரையில் அவ்வாறன்று. ஓர் இரவில் ஒன்றோ இரண்டோ வரும், வராமலும் போகும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதன் பருவம்.

இருளில் கரையேறும் ஆமை, அலை எட்டாத இடம்வரை ஊர்ந்து சென்று, முதலில் தன் உடல் அமரும் அளவுக்கு மணலை விலக்கும். பின்னர்ப் பின்துடுப்புகளால் மாறிமாறி மணலை அள்ளி, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை போன்ற குழியைத் தோண்டும். நூறு, நூற்றிருபது முட்டைகள் இடும். அவை மேசைப் பந்து அளவில் வெண்மையாக இருக்கும். மணலால் மூடியபின் தன் உடலை இடமும் வலமுமாக அசைத்து அடித்து மணலை இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் நடந்து முடியும். அதன்பின் தாய் அம்முட்டைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

கடலாமை மணலில் முட்டையைப் புதைத்துவைக்கும் காட்சி சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றுள்ளது. குமுழிஞாழலார் நப்பசலையார் பாடிய அகநானூற்று 160ஆம் பாடல், ஆமை முட்டையின் உருண்டை வடிவத்தைத் தந்தத்தால் செய்த வட்டுக்கு ஒப்பிடுகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை முட்டைகளைக் காத்திருப்பதாகப் புலவர் பாடுகிறார். இன்றைய உயிரியல் காட்டும் உண்மை வேறு: கடலாமையின் முட்டைகளைத் தாயும் காப்பதில்லை, தந்தையும் காப்பதில்லை.

இரவு நடை

1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சார்ந்த இயற்கை ஆர்வலர்களும் இக்கரையில் இரவில் நடந்து ஆமைகளைப் பற்றிக் குறிப்பெடுக்கத் தொடங்கினர். பின்னர் அரசுத் துறைகளும் சில ஆண்டுகள் முட்டைகளைக் காத்தன. 1988ஆம் ஆண்டில் மாணவர் சிலர் கூடி அப்பணியைத் தம் பொறுப்பில் ஏற்றனர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என அக்குழு அறியப்படுகிறது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, கடலாமை ஆய்வில் நாடறிந்த அறிஞராக விளங்குகிறார்.

பணியின் வடிவம் இந்நெடுங்காலத்தில் பெரிதும் மாறவில்லை. நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் கூடுவர். அங்கிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவு, நீர்விளிம்பை ஒட்டி மணலில் நடப்பர். கைவிளக்கை எரியவிடக் கூடாது. ஒளி கண்டால் கரையேறவரும் ஆமை திரும்பிவிடும். பேச்சும் தாழ்ந்த குரலில்தான். கண் தேடுவது ஆமையை அன்று, அதன் தடத்தை. கடலிலிருந்து மேலேறி மீண்டும் கடலுக்கு இறங்கும் இரட்டைத் தடம், உழவூர்தியின் சக்கரத்தடம் போல மணலில் பதிந்திருக்கும். இரண்டு தடங்களும் கூடும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். அதற்குள் எங்கோ முட்டைக்குழி உள்ளது.

அதனைக் கண்டறிவது பழகினார்க்கே கைவரும். மெல்லிய கோலை மணலில் மெதுவாக ஊன்றிப் பார்ப்பர். இறுகிய மணலில் கோல் தடைப்படும். குழி இருக்கும் இடத்தில் சட்டென இறங்கும். அந்தச் சட்டென்ற இறக்கத்தை உணர்ந்தவுடன் கை நிற்க வேண்டும். இல்லையேல் முட்டை உடையும். புதியவர் கையில் கோலைக் கொடுப்பதற்கு முன், மூத்தவர் பல இரவுகள் அவரை அருகில் நிறுத்திப் பார்க்கச் செய்வர். பாடநூலில் எழுதிக் கற்பிக்க இயலாத கல்வி இது.

குழியைக் கண்டபின் கையால் மட்டுமே தோண்டுவர். குழியின் ஆழமும் அகலமும் அளக்கப்படும். முட்டைகளைக் குழியின் ஈரமணலுடன் பையில் எடுத்துவைப்பர். இதில் காலம் இன்றியமையாதது. இட்ட சில மணிநேரத்துக்குள் முட்டையை இடம் மாற்றிவிட வேண்டும். அதன்பின் கரு, ஓட்டின் மேற்புற உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். விடியும்வரை காத்திருந்து எடுத்துவரலாமே என்று எண்ணுவதற்கு இங்கு இடமில்லை. இரவு நடை இரவிலேயே நடக்க வேண்டியதன் காரணம் இதுவே.

கரையின் ஓரிடத்தில் வேலியிட்டு அமைத்திருக்கும் பொரிப்பகத்துக்கு முட்டைகள் வந்து சேரும். தாய் தோண்டிய அதே ஆழத்திலும் வடிவிலும் அங்கே புதுக்குழி தோண்டி, எண்ணிப் புதைப்பர். கூடு கண்ட இடம், நாள், நேரம், முட்டை எண்ணிக்கை ஆகியவை குறிப்பேட்டில் ஏறும். ஏறத்தாழ 45 முதல் 55 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். அந்நாள் நெருங்கும்போது ஒவ்வொரு கூட்டின்மீதும் கூடையைக் கவிழ்த்துவைப்பர். குஞ்சுகள் தனித்தனியே வருவதில்லை. கூட்டமாக மணலைக் கிளறி, மேல்மணலின் சூடு தணிந்த பின்னரே பெரும்பாலும் இரவில் வெளிப்படும். அவற்றை எண்ணி, நீர்விளிம்புக்குச் சில அடி முன்னதாக மணலில் விடுவர். கடலில் நேரே விடுவதில்லை; அச்சிறு தொலைவை அவை தாமே ஊர்ந்து கடப்பதே முறை. பின்னர்க் கூட்டைத் தோண்டி, வெற்று ஓடுகளையும் பொரியாத முட்டைகளையும் எண்ணுவர். உற்சாகம் தரும் வேலையன்று இது. கெட்ட முட்டையின் நாற்றம் எளிதில் மறக்கக் கூடியதன்று. ஆனால் அந்த எண்ணிக்கை இல்லையென்றால், பொரிப்பகம் பயன் தருகிறதா என்று சொல்லவே முடியாது.

முட்டையை ஏன் எடுக்க வேண்டும்?

இயற்கை தன் வேலையைச் செய்யட்டும் என்று விட்டுவிடலாகாதா என்னும் வினா எழும். நியாயமான வினாவே. முட்டை இட்ட இடத்திலேயே பொரிவதுதான் எப்போதும் சிறந்தது. ஆளரவமற்ற கரையில் பொரிப்பகம் தேவையே இல்லை.

சென்னைக் கரை அத்தகையதன்று. தெருநாய்கள் கூடுகளைத் தோண்டுகின்றன. முட்டைகளை எடுத்து விற்றவர்களும் இருந்தனர். இவற்றினும் பெரிய இடர் ஒளி. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, எத்திசை வெளிச்சமாக உள்ளதோ அத்திசை நோக்கி ஊர்கிறது. மின்விளக்கு இல்லாத காலத்தில் வானொளி படர்ந்த கடற்பரப்பே ஒளிமிக்க திசை. இன்று கரையோரச் சாலையின் விளக்குகள் கடலைவிட ஒளிமிக்கவை. குஞ்சுகள் கடலுக்கு முதுகுகாட்டிச் சாலையை நோக்கி நகர்கின்றன. விடிந்தால் காகத்துக்கும் வெயிலுக்கும் இரையாகின்றன. பருவகாலத்தில் கடற்கரை விளக்குகளை இரவில் அணைத்துவைக்குமாறு மாணவரும் தன்னார்வலரும் மாநகராட்சியிடம் தொடர்ந்து கேட்டுவந்துள்ளனர்; சில பருவங்களில் அவ்வாறு அணைக்கப்பட்டும் உள்ளன. ஒருவகையில் பொரிப்பகத்தைவிட அந்த விளக்கின் சொடுக்கியே ஆமைக்குச் செய்யும் பேருதவி. அதற்குச் செலவும் இல்லை.

பொரிப்பகத்துக்கும் குறைகள் உண்டு. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. அடைகாலத்தின் நடுப்பகுதியில் கூட்டின் வெப்பநிலை ஏறத்தாழ 29 அல்லது 30 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் இருபாலும் கலந்து பிறக்கும். அதற்கு மேல் சென்றால் பெண் மிகும். கீழே இருந்தால் ஆண் மிகும். பொரிப்பகத்தின் இடமும் நிழலும் தவறாக அமைந்தால், நல்லெண்ணத்துடன் காத்த முட்டைகளெல்லாம் ஒரே பாலாகப் பிறக்கக் கூடும். புவி வெப்பமாதல் இவ்விடரை மேலும் கூட்டுகிறது. ஒரே இடத்தில் நாள்தோறும் குஞ்சுகளை விட்டால் அங்கே மீன்கள் இரைக்காகக் காத்திருக்கப் பழகிவிடும் என்பதும் அறிஞர் கூறும் எச்சரிக்கை.

இன்னும் கடுமையான உண்மை ஒன்று உண்டு. கடலை அடையும் குஞ்சுகளுள் ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. எனவே, நூற்றுக்கணக்கான குஞ்சுகளைக் காத்ததன் பயனை, வலையில் சிக்கி இறக்கும் ஒரு தாய் ஆமை அழித்துவிடும். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலைக்குள் நெடுநேரம் நீருக்கடியில் சிக்கினால் மூச்சுத்திணறி இறக்கும். கரையோரக் கடலில் விசைப்படகுகள் இழுவலை வீசுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆமை தப்பிச் செல்லும் வழியுடைய வலைக்கருவியும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற உயிர் இது. அவ்வாறிருந்தும் 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னையையும் அதனைச் சூழ்ந்த கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இரவு நடையில் உயிருள்ள ஆமையைக் காணாமல், இறந்த ஆமைகளையே எண்ணிக்கொண்டு நடந்த இரவுகள் அப்பருவத்தில் பல. அவையும் நாளும் இடமும் குறிக்கப்பட்டுக் குறிப்பேட்டில் ஏறுகின்றன. ஏனெனில், ஆமைகள் இறக்கின்றன என்று பொதுவாகக் கூறுவதற்கும், எந்த நாளில் எந்தக் கரையில் எத்தனை இறந்தன என்று காட்டுவதற்கும் அரசின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் பெரும் வேறுபாடு உண்டு.

சென்னையில் மாணவர் காக்கும் கூடுகளால் மட்டும் பங்குனி ஆமையினம் பிழைத்துவிடாது என்பதை இப்பணியில் ஈடுபட்டோரே வெளிப்படையாகக் கூறியுள்ளனர். தம் பணியின் அளவை மிகைப்படுத்தாத இந்நேர்மை பாராட்டத்தக்கது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் அவர்களுடன் நடக்கின்றனர். கடற்கரையைக் காற்று வாங்கும் இடமாக மட்டுமே அறிந்த நகரத்தார், அங்கே வேறோர் உயிருக்கும் உரிமை உண்டு என்பதை நேரில் காண்கின்றனர். அவ்வாறு நடந்த மாணவர் சிலர் உயிரியல் அறிஞராயினர், சிலர் ஆசிரியராயினர், சிலர் வேறு தொழிலுக்குச் சென்றபின்னும் பருவத்தில் கரைக்கு வந்துவிடுகின்றனர்.

யார் கையில் அடுத்து?

மாணவர் குழுவின் தலையாய இடர்ப்பாடு, மாணவர் என்றும் மாணவராக இருப்பதில்லை என்பதே. பிற அமைப்புகளில் பட்டறிவு கூடக்கூட ஆள்கள் நிலைப்பர். இங்கே பட்டறிவு பெற்றவுடன் ஆள் சென்றுவிடுவார். கோல் இறங்கும் உணர்வைக் கற்ற மாணவி அடுத்த ஆண்டு வேறு நகரத்தில் பயில்வார். ஆமையின் காலக்கணக்கோ நெடியது. இன்று கடலில் இறங்கும் பெண்குஞ்சு பருவமடைந்து முட்டையிட வருவதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். பதினொன்றாம் வகுப்பில் அதனைக் கடலில் விட்டவர் அப்போது முப்பது வயதை நெருங்கியிருப்பார்.

இவ்விடைவெளியைக் கடக்க மாணவர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, மூத்தவர் இளையவரை உடன் அழைத்து நடப்பது. மற்றொன்று குறிப்பேடு. நாள், இடம், எண்ணிக்கை, செய்தவர் பெயர் ஆகியவை கொண்ட எளிய பதிவு அது. பல ஆண்டுப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் கூடுகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா, பருவம் முன்னதாகத் தொடங்குகிறதா என்பவை தெரியவரும். ஓராண்டின் பதிவால் எதனையும் முடிவுகட்ட இயலாது. தான் எழுதும் வரியின் பொருள் தனக்குப்பின் வருபவருக்கே விளங்கும் என்று தெரிந்தும் பிழையின்றி எழுதுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். கலிபோர்னியக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஒரு வகுப்பு ஊன்றிய போத்தின் நிழலை வேறொரு வகுப்பே கண்டது.

எல்லாப் பள்ளிக்கும் அருகில் ஓடையோ கடலோ இருப்பதில்லை. ஆனால் எல்லாப் பள்ளியிலும் ஒரு கிணறோ ஆழ்துளைக் குழாயோ இருக்கும். அதன் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளக்கலாம். மதிய உணவில் நாள்தோறும் எஞ்சுவதை எடைபோட்டு எழுதலாம். வளாகத்து வேம்பு எந்த வாரத்தில் பூக்கிறது, எந்த வாரத்தில் பழுக்கிறது என்று குறிக்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. அளவுநாடாவும் தராசும் நோட்டும் போதும். ஒரு வகுப்பு தொடங்கிய ஏட்டை அடுத்த வகுப்பிடம் ஆண்டிறுதியில் ஒப்படைப்பதற்கு ஒரு முறை இருந்தால், பத்தாண்டில் அவ்வூரின் நிலத்தடி நீரைப் பற்றி வேறெவரிடமும் இல்லாத ஆவணம் அப்பள்ளியில் இருக்கும்.

ஜூன் 5 அன்று நட்ட கன்றுக்கும் இத்தகைய ஏடு ஒன்று போதுமானது. கன்றின் பெயர், நட்ட நாள், மாதந்தோறும் அதன் உயரம், தண்ணீர் ஊற்றுபவர் பெயர் என நான்கு பத்திகள். ஜூன் முதல் மார்ச் வரையிலான கட்டங்கள் தாமாகவே நிரம்பிவிடும். ஏப்ரல், மே மாதக் கட்டங்கள்தான் வெறுமையாகக் கிடக்கும். பள்ளித் தெருவிலேயே குடியிருக்கும் மாணவர் யார் யார் என்று கேட்டறிந்து, அக்கட்டங்களில் பெயர் எழுதும் வேலை ஆண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.